வெள்ளையடித்த கிட்டங்கி

கூட்டுறவுச் சங்கக்கடையின் பெரிய தராசு மணலை விட்டு அசையவில்லை. மற்றத் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் கடற்கரையிலிருந்த பழைய ஓலைக் கிடுகுக் கொட்டிலிலிருந்து பட்டணத்துக் கடைத்தெருவிலுள்ள கிட்டங்கிக்கு, ஒரு பழைய பண்டகசாலைக்கு, போய்விட்டன. மிஞ்சியது இந்த இரும்புப் பூதம் மட்டும்தான். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வாய்க்குக் குறைவில்லை.

"வலையை ஆரும் தள்ளுறதோ? இழுக்கிறதெல்லோ?" என்றார் சல்லிக் கிராமத்தில் கரைவலை இழுக்கும் வல்லிபுரம்.

வலைக்கயிற்றைத் தராசின் இடுப்பில் கட்டி, அடியில் தென்னங்குற்றிகளை உருளவிட்டார். ஆணும் பெண்ணும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அவர் வலைப்பாட்டான அம்பா எடுத்தார். பாட்டுக்குக் கட்டுப்பட்டுத் தராசு தெருவில் ஏறியது. கடைக்காரர்கள் வெளியே வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

கயிற்றின் முன்பக்கம் சிவக்கொழுந்து. புருசன் இல்லாதவள். நேவி ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவள். போன மாரியில் கொட்டில் ஒழுகி, கூப்பனுக்குக் கொடுக்கிற மா முழுக்கக் களியாகிப் போனது. வரிசையில் கடைசியாக நின்ற அவளும் மகள் கோணேஸ்வரியும் கிழமைக்கணக்கில் மரவள்ளியோடு கிடந்தார்கள். "மாரிக்கு முன்னம் ஒரு கூரை வேணும்" என்று சங்கக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னவள் அவள்தான்.

ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஒரு வியாபாரி பூட்டிவிட்டு ஓடிய கிட்டங்கி அது. ஓடுகள் நொறுங்கி, வௌவால் குடியிருந்தது. நேவித் துரைமார் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். 'திருத்தினால் இருந்துகொள்ளுங்கள்' என்று வியாபாரி சொல்லி அனுப்ப, சங்கத்தார் வேலை முடிந்து வந்து ஓடு வேய்ந்தார்கள். சிவக்கொழுந்து கூரைக்கு ஓடு எடுத்துக் கொடுத்தாள்.

தராசு உள்ளே வந்ததும் எல்லோரும் கயிற்றை விட்டுச் சுற்றிப் பார்த்தார்கள். அவ்வளவு உயரம். அவ்வளவு குளிர்ச்சி. ஊர் முழுக்க வந்து நின்றாலும் இன்னும் இடம் இருக்கும். சிவக்கொழுந்துக்குக் கோயிலுக்குள் வந்தது போல உடம்பு சிலிர்த்தது.

"இவ்வளவும் எங்கட கடையோ, காக்கா?"

"ஓம் தங்கச்சி, எங்கடதான்," என்றார் மனேஜர் ஸெய்னுதீன். சோக்குக் கட்டியை எடுத்து, சாமான் வைக்க வேண்டிய இடங்களைச் சுவரில் எழுதத் தொடங்கினார்.

"உள்ளுக்குச் சரி. வெளிச்சுவர் வெள்ளையடிக்காமல் அரிசி கொண்டுவரக் கூடாது. வீடெண்டாலும் அப்பிடித்தானே?" என்றாள் சிவக்கொழுந்து.

"கடல்பக்கம் ஆருக்குத் தெரியப்போகுது? விடுவம்," என்றார் வல்லிபுரம்.

"ஒரு பக்கம் மட்டும் பூச உதென்ன, கூத்தாடியின்ர முகமோ?" என்றாள் சிவக்கொழுந்து.

எல்லோரும் சிரித்தார்கள். கடல்பக்கமும் வெள்ளையடித்தார்கள்.

மறுநாள் துறைமுகத்திலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு அந்தச் சுவர்தான் முதலில் பட்டது. ஒரு துரை கிளாக்கரோடு வந்தார். தூணைத் தட்டினார். கூரையை அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்.

"நல்ல கட்டடமாம். நேவிக்கு வேணுமாம். உடனை ஒழிச்சுக் குடுக்கட்டாம். வெளிச்சுவருக்குத் தார் பூசவும் வேணுமாம், வெள்ளை ஜப்பான் பிளேனுக்குத் தெரியுமாம்," என்றார் கிளாக்கர்.

ஸெய்னுதீன் சோக்குக் கையோடு முன்னால் வந்தார். "முந்தி வந்து பாத்துட்டு வேணாமெண்டு போனவங்கதானே, ஐயா?"

"அப்ப கூரை இருக்கேல்லை."

தராசைத் திரும்ப இழுத்துப் போனபோது வல்லிபுரம் அம்பா எடுக்கவில்லை.

மாரி தொடங்கிய அன்று நேவி ஸ்டோர்க் கங்காணி சிவக்கொழுந்தையும் கூட மூட்டை தூக்குகிறவர்களையும் கிட்டங்கிக்குத்தான் அனுப்பினான். லொறியிலிருந்து துரைமாரின் விஸ்கிப் பெட்டிகளை உள்ளே சுமந்தார்கள். வெளியே மழை அடித்து ஊற்றியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அவள் அண்ணாந்து பார்த்தாள். பெருமையைத் தடுக்க முடியவில்லை. 'அரிசி' என்று ஸெய்னுதீன் சோக்கால் எழுதியது சுவரில் இன்னும் அழியாமல் இருந்தது. அதன் கீழே பெட்டியை இறக்கினாள்.

கடல்பக்கக் கதவு திறந்து கிடந்தது. தூரத்தில் கொட்டிலின் முன்னால் கூப்பன் வரிசை. கடைசியில் கோணேஸ்வரி, வெறும் சாக்கை மடித்து நெஞ்சோடு அணைத்தபடி நனைந்துகொண்டு நின்றாள்.

"என்ன பராக்கு? பெட்டி நனையுது, துடையடி!" என்று கங்காணி கத்தினான்.

சிவக்கொழுந்து குனிந்து, சேலைத் தலைப்பால் பெட்டியைத் துடைத்தாள்.