பத்தரைப் புள்ளி வீடு

தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறேன், நிலைக்கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் பேசிக்கொள்வது கேட்கிறது, இரண்டு பெண்கள், ஓர் ஆண், வீட்டுல யாருங்க என்று ஒரு பெண்குரல் கூப்பிடுகிறது, இதோ வந்துட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவள் அந்த ஆண் சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன், இதான் நமக்கு முதல் வீடு, நல்லபடியா ஆரம்பிப்போம் என்கிறான், ஊரிலுள்ள பழைய வீடுகளையெல்லாம் பட்டியல் எடுக்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று முதல் நாளே தெருவில் பேச்சாக இருந்தது, பட்டியலில் ஏறிவிட்டால் அந்த வீட்டை யாரும் இடிக்க முடியாதாம், அவர்கள்தான் வந்திருக்கிறார்கள், முதல் வீடு, நல்ல காரியம், ஆரம்பம், அதில் போய் இந்த முகத்தையா காட்டுவது, மாமியார் வந்து திறக்கட்டும் என்று கையை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்குகிறேன், அவர் எழுந்து வர நேரமாகும், முழங்கால் வலி, தடியை ஊன்றிக்கொண்டு முற்றம் வைத்த வளவைச் சுற்றி முன்கட்டுப் பட்டாலைக்கு வரவேண்டும், வரட்டும், தடி தரையில் படுகிற சத்தம்கூடக் கேட்கிறது, வெளியே செருப்புச் சத்தம் படியிறங்கி அடுத்த வீட்டுக்குப் போகிறது, போன பிறகுதான் எனக்கு உறைத்தது, மாமியார் செத்து அப்போது ஒன்பது வருடம், அந்த வீட்டில் என்னைத் தவிர ஈ காக்கை கிடையாது.

இது நடந்து ஆறு வருடமாகிறது, யாரிடமும் சொன்னதில்லை, எப்படிச் சொல்வது, செத்துப்போன மாமியார் வந்து கதவு திறப்பார் என்று காத்திருந்தேன் என்றால் வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள், பட்டியலில் எங்கள் ஊர் வீடு நாற்பத்திரண்டு ஏறியது, எங்கள் வீட்டில் பாதிகூட இல்லாத வீடெல்லாம் ஏறியது, எங்கள் வீட்டுக்கு நேரே பூட்டியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்களாம், சாத்தப்பன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, பெரியாத்தா, நம்ம வீடு மட்டும் எப்படி விட்டுப்போச்சு என்று கேட்டான், அவன் என் வீட்டுக்காரருடைய தம்பி மகன், எனக்குத் தெரியலையேப்பா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன், வைத்த கையால் துடைப்பத்தை எடுத்தேன், எனக்கு எதை மறக்க வேண்டுமென்றாலும் வளவைக் கூட்டுவதுதான் வழி, பதினெட்டுத் தூணையும் சுற்றிக் கூட்டி முடிப்பதற்குள் இடுப்பு தனியாகக் கழன்றுவிடும், அப்புறம் மற்றது எதுவும் நினைவில் நிற்காது.

இன்றைக்கும் விடிந்ததும் கூட்டினேன், நேற்றுப் படைப்பு, முன்னோர்களுக்குப் படைத்துச் சாப்பிட்டுப் பங்காளிகள் அத்தனை பேரும் தங்கியிருக்கிறார்கள், தங்கியது என்ன தங்கியது, சாத்தப்பன் காரைக்குடியில் ஏசி ஓட்டலில் படுத்து எழுந்து வருகிறான், வந்து முட்டைச் சாந்து பூசிய சுவரைத் தடவிப் பார்த்து, இந்த வழுவழுப்பு இனிமே எங்க கிடைக்கும் பெரியாத்தா என்று கண் கலங்குகிறான், அவன் தடவிய இடத்தில் பிசுக்கு ஒட்டியிருக்கிறது, அதை ஈரத்துணியால் துடைக்கிறவள் நான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நல்ல பிள்ளை, இந்த வீட்டின் மேல் அவனுக்கு உயிர், ஆனால் ஐப்பசி மழையில் கூரைகள் சேருமிடத்துக் கூடல்வாய் ஓடு உடைந்து இரட்டைவீடு முழுக்க ஒழுகும்போது அண்டா, குண்டா, தாம்பாளம் என்று இருக்கிற பாத்திரத்தையெல்லாம் பரப்பிவிட்டு நடுவில் ஒரு முழம் காய்ந்த தரை தேடி உட்கார்ந்திருக்கிறேனே, அந்த வீட்டை அவன் பார்த்ததில்லை.

எங்களில் அறைக்கும் வீடு என்றுதான் பெயர், கல்யாணமானால் மகனுக்கு உள்ளும் வெளியுமாக ஓர் இரட்டைவீடு கொடுப்பார்கள், எங்களுக்குக் கொடுத்தது மேற்கு வரிசையில் மூன்றாவது, வீட்டுக்குள் எனக்கென்று ஒரு வீடு, அதில் நாலு வருடம் குடித்தனம், அவர் சாப்பிட உட்கார்ந்தால் சம்மணம் போடமாட்டார், ஒரு காலை நீட்டிக்கொள்வார், மாமியார் திட்டுவார், நான் சிரிப்பேன், மஞ்சள்காமாலை என்று மதுரைக்குக் கூட்டிப்போனார்கள், பதினோரு நாளில் கொண்டுவந்துவிட்டார்கள், பட்டாலையில் கிடத்தியிருக்கிறது, அப்போதும் ஒரு கால் கொஞ்சம் விலகித்தான் இருக்கிறது, யாரோ சேர்த்துக் கட்டுகிறார்கள், எனக்கு வயது இருபத்துநாலு, அடுத்த படைப்புக்குப் புள்ளி வாசித்தபோது அதுவரை பதினொன்றாக இருந்தது பத்தரை ஆகிவிட்டது, அப்புறம் கூடியும் குறைந்தும் இன்றைக்கும் பத்தரைதான், நகரத்தார் வழக்கில் கட்டிய புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு புள்ளி, ஒன்று போய்விட்டால் மிச்சம் இருப்பது அரைப்புள்ளி, ஆண் மிஞ்சினாலும் அரைதான், அதில் ஓரவஞ்சனை கிடையாது, ஆனால் ஆண் அரையாக இருந்தாலும் வாசலில் நிற்கலாம், கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு எதிரே வரலாம், நான் வரக்கூடாது, யாரும் அடித்துச் சொல்லவில்லை, மாமியார் ஒரே ஒருதடவை தோளைத் தொட்டு, நீ செத்த நேரம் உள்ள இரு ஆத்தா என்றார், அவ்வளவு மெதுவாகச் சொன்னார், கடுமையாகச் சொல்லியிருந்தால் நானும் ஏறிட்டு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன், தத்தாகப் பிள்ளை கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது, எழுந்த பேச்சு அப்படியே உட்கார்ந்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் தமிழய்யா காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி என்று பலகையில் எழுதிப்போட்டு, அரைப்புள்ளின்னா வாக்கியம் முடியலைன்னு அர்த்தம், கொஞ்சம் நின்னு போகணும் என்பார், நான் முப்பத்தெட்டு வருடமாகக் கொஞ்சம் நின்றுகொண்டிருக்கிறேன்.

வெள்ளையப்பன் கூட்டத்தைக் கூட்டிவிட்டார், வளவில் ஜமுக்காளம் விரித்து ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம், நான் இரண்டாங்கட்டுக் கதவோரம், எனக்கு எப்போதும் அந்த இடம்தான், வெள்ளையப்பன் என் கொழுந்தனார், இருக்கிறவர்களில் மூத்தவர், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது அவர் கட்சி, அவருக்கு அவசரம், கூட்டம் முடிந்ததும் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டில் பேசி முடிக்கப் போகவேண்டும், வாசலில் கார் நிற்கிறது, அவர் பெண்டாட்டி தேனம்மை பட்டுப்புடவையோடு பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பாருங்கப்பா, பட்டியல்ல இருந்தா நாம தொட முடியாது, நம்ம வீடு அதுல இல்லை, அது நம்ம அதிர்ஷ்டம், மூணு மாடி, புள்ளிக்கு ஒரு குடித்தனம், ஆச்சிக்குக் கீழேயே ஒரு ரூமு, அட்டாச்சுடு பாத்ரூமோட, ஏத்தம் இறக்கம் இல்லாம இருப்பாக என்கிறார், சாத்தப்பன் எழுந்து, சித்தப்பா, நூறு வருசத்து வீடு, ரெங்கோன் தேக்கு, இதை இடிச்சா நம்மள மனுசன்னு சொல்வாகளா என்கிறான், அதற்கு மேல் அவன் சொன்னது என் காதில் விழவில்லை, பாத்ரூமிலேயே நின்றுவிட்டது மனசு, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, மழையில் குடைபிடித்து மூன்று கட்டு தாண்டிக் கொல்லைக்குப் போகாமல், படுத்த இடத்திலிருந்து நாலு எட்டில், வெந்நீர்க் குழாய், வழுக்காத தரை, ஒரு வெள்ளைக் கதவு, அதை நான் ஒருக்களித்துச் சாத்துகிறேன், நான் மட்டும் சாத்துகிற கதவு, கைப்பிடி குளுகுளுவென்று இருக்கிறது, ஆச்சி, ஆச்சி என்று யாரோ கூப்பிடுகிறார்கள், வெள்ளையப்பன்தான், எண்ணி முடித்துவிட்டார், இடிக்க அஞ்சு, வேண்டாங்கிறவுக அஞ்சு, ஆச்சி, ஒங்க அரை பாக்கி, எந்தப் பக்கம் விழுதோ அதுக்குப் பத்துப் புள்ளியும் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போட்ருவோம், நேத்துப் படைப்புல வச்சே பேசிட்டோம்.

வளவே என்னைப் பார்க்கிறது, இத்தனை வருடத்தில் இந்த வீட்டில் இத்தனை பேர் ஒன்றாக என்னைப் பார்த்தது அவரைக் கிடத்தியிருந்த அன்றைக்குத்தான், நான் எழுந்தேன், ஒண்ணு சொல்லணும் தம்பி என்றேன், பட்டியல் எடுக்க வந்தவுக நம்ம கதவத் தட்டுனாக, நான் உள்ளதான் இருந்தேன், திறக்கலை, சாத்தப்பன் முகம் வெளுத்துவிட்டது, ஏன் பெரியாத்தா, ஒடம்பு முடியலையா என்கிறான், ஒடம்புக்கு என்ன, மொத வீடு, நல்லபடியா ஆரம்பிக்கணும்னாக, அதான் என்றேன், மொத வீடுன்னா என்ன என்று கேட்கிறான், பாவம், அவனுக்குப் புரியவில்லை, வெளியூரில் வளர்ந்தவன், வெள்ளையப்பனுக்குப் புரிந்துவிட்டது, குனிந்து ஜமுக்காளத்தின் நூலைப் பிய்க்கிறார், தேனம்மைக்கும் புரிந்தது, பழத்தட்டைத் திருப்பித் திருப்பி வைக்கிறாள், எனக்கு அலுப்பாக இருந்தது, ஆறு வருடம் சுமந்ததை இறக்கினால் லேசாகும் என்பார்கள், இல்லை, வெறும் அலுப்புதான், இந்தத் தூண், இந்தத் தரை, இந்தக் கதவோரம், இதெல்லாம் இருக்கிறவரை நானும் ஒதுங்கித்தான் நிற்பேன் என்று தோன்றியது, இடிச்சிருங்க தம்பி என்றேன், என் அரை அந்தப் பக்கம்.

சாத்தப்பன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான், அதைப் பார்த்து எனக்கும் அழுகை முட்டியது, ஆனால் உள்ளுக்குள் வெள்ளைக் கதவு திறந்து திறந்து மூடுகிறது, புதுச் சுண்ணாம்பு வாசனைகூட வருகிறது, அந்தக் கட்டடத்தில் இரண்டாங்கட்டு இருக்காது, கதவோரம் இருக்காது, வெள்ளையப்பன் பஞ்சாங்கத்தில் தை மாதத்தைப் புரட்டிக்கொண்டே, தை பொறந்ததும் நல்ல நாள் பாத்து மொதக் கடப்பாரை போட்ருவோம் என்கிறார், அப்புறம் நிமிர்ந்து பார்த்து, அன்னைக்கு மட்டும் நீங்க காரைக்குடியில ஒங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்துருங்க ஆச்சி, பெறகு மனை போடுறப்பவும், பால் காய்ச்சுறப்பவும், நாங்க முன்னாடியே சொல்லிர்றோம் என்றார், மெதுவாகச் சொன்னார், மனசு நோகக்கூடாது என்று அவ்வளவு மெதுவாக, மாமியார் குரல் அப்படியே, தோளை யாரோ தொட்ட மாதிரி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை, கதவுதான் இருந்தது.

தம்பி, என் அரையத் திருப்பிக் குடுங்க என்றேன், அவர் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார், நெசமாத்தான், வீடு நிக்கட்டும், இடிக்க வேண்டாம், என் அரை இந்தப் பக்கம், என்ன ஆச்சி, இப்பத்தானே சொன்னீக, ஆமா, இப்பத்தான் எனக்கும் தெரிஞ்சுது என்றேன், சாத்தப்பன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான், பெரியாத்தா, நீங்க இருக்கிறவரைக்கும் இந்த வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது பெரியாத்தா, அவன் கை சூடாக இருந்தது, எனக்கு அவனைப் பிடிக்கும், அதனால்தான் சிரிக்காமல் சொன்னேன், நான் இருக்கப்போறதில்லைப்பா, என் தங்கச்சி சிகப்பி மாடியில ஒரு ரூமு சும்மா கெடக்கு, வா வான்னு அஞ்சு வருசமாக் கூப்புடுறா, ஆறு எட்டுல பாத்ரூம், இன்னைக்கே போறேன், அப்ப வீட்ட யாரு பாத்துக்குவா என்று கேட்டான், கேட்ட பிறகுதான் அவனுக்கே அந்தக் கேள்வி உறைத்திருக்க வேண்டும், கையை விட்டுவிட்டான், நிக்கட்டும்னு சொன்னவுக அஞ்சு முழுப்புள்ளி இருக்கீகளேப்பா, ஆளுக்கு ஒரு மாசம் வந்து கூட்டுங்க, கூடல்வாய் ஓடு மாத்தணும், அண்டா மேல பரண்ல இருக்கு என்றேன்.

எங்கள் வீட்டுக்குள், மேற்கு வரிசை மூன்றாவது வீட்டுக்குள் போனேன், நாலு புடவை, போன், மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா, ஒரு பைக்கு மேல் எனக்கு எதுவும் சேரவில்லை, அவர் கால் நீட்டி உட்காருகிற இடத்தை ஒருமுறை பார்த்தேன், அவர் இல்லை, எனக்கு அது தெரியும், வெளியே வந்தபோது பட்டாலையில் தேனம்மை பழத்தட்டோடு நிற்கிறாள், வெள்ளையப்பன் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார், பின்னால் கிளம்புகிற கூட்டம், நான் பையோடு வருவதைப் பார்த்ததும் தேனம்மை, அவளும் மெதுவாகத்தான், செத்த உள்ள இருங்க ஆச்சி, நாங்க கிளம்பிர்றோம் என்றாள், அவள் மகள் முகம் ஒரு கணம் வந்துபோனது, அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை, இங்கேயே வளர்ந்த பிள்ளை, என் மடியில்தான் மூத்திரம் போனாள், கால் தானாக ஒரு எட்டுப் பின்னால் போயிற்று, நிறுத்தினேன், அவளுக்கு நல்லது நடக்கணும்னுதான் நானும் கும்புடுறேன் தேனம்மை, ஆனா எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் முன்னாடி போறேன் என்று சொல்லிவிட்டு அவர்களைத் தாண்டி நிலைக்கதவுக்குப் போனேன்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன், யாரும் வந்து திறக்கட்டும் என்று நிற்கவில்லை, துருவேறின தாழ்ப்பாள், இரண்டு தடவை ஆட்டித்தான் இழுக்க வேண்டும், அந்தப் பக்குவம் எனக்கு மட்டும்தான் தெரியும், இரண்டு கதவையும் அகலத் தள்ளிவிட்டுப் படியிறங்கினேன், வெயில் முகத்தில் அறைந்தது, காரோட்டி என்னைப் பார்த்துவிட்டுக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான், தெருமுனை வரை நடந்திருப்பேன், கதவைச் சாத்த மறந்துவிட்டோமே என்று பழக்கதோஷத்தில் திரும்பினேன், வாசலில் பத்துப் புள்ளியும் நிற்கிறது, ஒருவரும் படியிறங்கவில்லை, அவர்களே சாத்திக்கொள்ளட்டும் என்று பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தேன்.