தெற்குப் பக்கத்துக் கோடு

மனித வரலாறு என்பதே கோடுகளின் வரலாறுதான். ஒரு கோட்டுக்காகப் படைகள் நகர்ந்திருக்கின்றன, கிரீடங்கள் உருண்டிருக்கின்றன. கோட்டைத் தாண்டியவர்களும் தாண்டாதவர்களும் கடைசியில் ஒரே மண்ணுக்குள் போயிருக்கிறார்கள். இந்தக் கதையிலும் ஒரு கோடு வருகிறது. அது பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகள் ஃபுட்பால் ஆடும் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் போடப்பட்டது. போட்டவர் கோல்கீப்பரின் அப்பா.

அவர் தொழிலே நிலம் அளப்பது. தெருவில் எல்லோருக்கும் அவர் சர்வேயர். கோபம் வந்தால் மனைவிக்கும்.

கோடு போடும் வேலை அவருக்குத் திறமையால் வரவில்லை, தொண்டையால் வந்தது. போன ஆட்டத்தில் கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இடது பக்கம்! இடதுன்னா என் இடது இல்லடி, உன் இடது!" என்று கத்தினார். எந்த இடது என்று கேட்க மகள் திரும்பிய நேரத்தில் பந்து உள்ளே போய்விட்டது. கோல் கம்பத்தில் தலைகீழாகத் தொங்கித் தொங்கியே 'வவ்வால்' என்று பெயர் வாங்கிய மகள், அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, இன்னும் ஒரே ஒரு சான்ஸ். மறுபடி என் மானத்த வாங்கின, நான் காலேஜ் போற வரைக்கும் நீ மேட்ச் பக்கமே தலை காட்டக் கூடாது."

சர்வேயருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பேக்கரி அக்காதான் மனமிரங்கி வழி சொன்னாள். "சார், பெத்தவங்க ஆளுக்கொரு வேலை பாக்கறாங்க. உங்க வீட்டம்மா முதலுதவிப் பெட்டியோட வராங்க. நீங்க விடியக்காலையில வந்து கோடு போட்டுடுங்க. அப்புறம் வாயில ஒரு பன்னை வெச்சுக்கிட்டு உக்காந்துடுங்க. இந்தாங்க, சுண்ணாம்புத் தூள் வண்டி, கயிறு, முளை."

சர்வேயர் கயிற்றைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, நிலத்தையே அளந்து குடுக்கறவன்கிட்ட கயிறா? என் கண்ணே கயிறு."

ஆட்டத்தன்று விடியற்காலையில் கண்ணையே கயிறாகக் கொண்டு கோடு போட்டார். அவருக்கு முன்பே எழுந்து பேக்கரிக்குப் போயிருந்த மகள், அங்கிருந்து தோழிகளோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவி இரவு டூட்டி முடிந்து நேராக மைதானத்துக்கே வந்தாள். சர்வேயர் சலவைச் சட்டையில், கொஞ்சம் தாமதமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கி, பன்னை வாங்கிக்கொண்டு, நாடே தன்னைத் திறப்புவிழாவுக்குக் கூப்பிட்டதைப்போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் பாதியில் வவ்வாலின் அணிக்கு வடக்குப் பக்கத்துக் கோல். எதிரணிப் பெண் ஒருத்தி உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே புகுந்துவிட்டது. வவ்வால் பின்னால் பாய்ந்து அதன்மேல் குப்புற விழுந்தாள். எதிரணி கட்டிப்பிடித்துக் குதித்தது. நடுவராக வந்திருந்த பல் டாக்டர், கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். வெள்ளைக்கோடு கம்பங்களுக்கு நடுவில் கர்ப்பிணி வயிறுபோல் வலைக்குள் புடைத்துக்கொண்டு போயிருந்தது. பந்து அதற்கு இந்தப் பக்கமே கிடந்தது.

"கோட்டைத் தாண்டல. கோல் இல்ல."

"என்ன டாக்டர், கோடே வலைக்குள்ள இருக்கு!" என்று கத்தினார் எதிரணிப் பயிற்சியாளர். அவர் பஸ் டிரைவர், குரலே ஹாரன்தான். "எந்த மகராசன் போட்டது?"

சர்வேயர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அடியேன்தான்." அப்புறம் மனைவி பக்கம் குனிந்தார். "பாத்தியா? ஒரே கோடு. பொண்ணு மானம் காப்பாத்தியாச்சு."

"வாயில பன் இருக்கா?" என்றாள் மனைவி.

இடைவேளைக்குப் பின் பக்கம் மாறினார்கள். தெற்குப் பக்கத்துக் கோலில் வவ்வால் நின்றாள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஒரு பந்து மேல்மூலைக்குப் பறந்தது. வவ்வாலும் பறந்தாள். அப்படி ஒரு பிடி! பெற்றவர்கள் எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்கள். யாரோ ஒருவருடைய தாத்தா விசிலடித்தார். அடுத்த விசில் பல் டாக்டருடையது.

"கோல்."

"பிடிச்சுட்டேனே அங்கிள்!"

"பிடிச்சடா கண்ணு. கோட்டுக்குப் பின்னால நின்னுல்ல பிடிச்ச?"

இந்தப் பக்கத்துக் கோடு வெளியே புடைத்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்திருந்தது. வவ்வால் கம்பத்துக்கு நேராக ஒழுங்காக நின்றிருந்தாள். ஒழுங்காக நின்றதுதான் தப்பு.

மைதானம் மொத்தமும் சர்வேயர் பக்கம் திரும்பியது. அவர் பன்னை மென்று, விழுங்கி, நிதானமாகச் சொன்னார். "அந்தப் பக்கம் நான் போடல."

"என்னது?"

"வடக்கு மட்டும்தான் நான். தெற்கு வேற கை. பாத்தாலே தெரியல? இது சதி."

பஸ் டிரைவர் ஹாரனை அடக்கிக்கொண்டு நின்றார். பல் டாக்டர் தாடையைத் தடவினார். "எதிரணி வந்து போட்டிருந்தா கோல் செல்லாது. சார், உறுதியா சொல்றீங்களா?"

வவ்வால் பந்தை இடுக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "நிஜமாவாப்பா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நிஜமாம்மா," என்றார் சர்வேயர்.

"அப்ப இது எங்க போகுது?" என்றார் பஸ் டிரைவர்.

தெற்குக் கோடு மூலையில் நிற்காமல், மைதானத்தைத் தாண்டி, வாசல் கதவு வழியாகத் தெருவுக்குப் போயிருந்தது. கோடு போடும் வண்டியின் அடைப்பை யாரோ மூட மறந்திருந்தார்கள்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் இரண்டு அணிப் பிள்ளைகளும் கோட்டின்மேல் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு போக, பின்னால் பல் டாக்டர், பஸ் டிரைவர், பேக்கரி அக்கா, முதலுதவிப் பெட்டியோடு மனைவி. கடைசியில் சர்வேயர், துக்கவீட்டுக்குப் போகிற நடையில். கோடு சலூனைக் கடந்தது. படுத்திருந்த நாய் ஒன்றைச் சுற்றி அழகான அரைவட்டம் அடித்தது. "இத மட்டும் நல்லா போட்டிருக்கான்யா!" என்றார் பஸ் டிரைவர். அப்புறம் அது திரும்பி, சர்வேயர் வீட்டுப் படியேறி, பூட்டிய கதவுக்கு அடியில் நுழைந்தது.

"நான் பின்பக்கமா ஸ்கூட்டர் எடுத்துட்டு வந்தேன். வெளிய இப்படி இருக்கும்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வவ்வால் சாவி வாங்கித் திறந்து உள்ளே ஓடினாள். வெள்ளை டைல்ஸ் தரையில் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. குனிந்து விரலால் தடவிக்கொண்டே போனாள். உள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பா! வண்டி பாத்ரூம் வாசல்ல நிக்குது!"

முதலில் சிரித்தது மனைவி. அப்புறம் தெருவே சிரித்தது. "தெற்குப் பக்கம் ஆரம்பிக்கறப்பவே வயிறு ஒரு மாதிரி..." என்று சர்வேயர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. வவ்வால் படியில் உட்கார்ந்து, கையுறை கழன்று விழ விழச் சிரித்தாள்.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லப்பா? பாவம் நீ."

"வடக்குக் கோடு முழுங்கின கோல் தெற்குல வெளிய வந்தாச்சு. கணக்கு சரிதான், கோல் கோல்தான்," என்று பல் டாக்டர் ஆட்டத்தை முடித்துவைத்தார். பஸ் டிரைவர் சர்வேயரின் தோளில் கை போட்டார். "விடுங்க சார். அந்த அவசரத்துல யாரு போட்டாலும் கோணலாத்தான் வரும்."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். வவ்வால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த மேட்சுக்கும் வாப்பா. ஆனா பாத்ரூம் போயிட்டு வா."

சர்வேயர் தலையாட்டிக்கொண்டார். வடக்குப் பக்கத்துக் கோணலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்தக் கோட்டை அவர் நிதானமாகத்தான் போட்டிருந்தார்.