வேலை செய்யாத பத்து எறும்புகள்

எறும்பு என்று முடிவு செய்தது அம்மாதான். அறிவியலுக்காக அல்ல, மகனுக்காக.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் சபைக் குடும்பங்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை அறிவியல் போட்டி நடத்துவார்கள். ஒவ்வொரு ஆராய்ச்சியும் ஒரு பைபிள் வசனத்தோடு பொருந்த வேண்டும் என்பது விதி. சோம்பேறியை எறும்பிடம் போய்ப் பாடம் படிக்கச் சொல்லும் வசனத்தை அம்மா பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பத்து வயது மகன் தவறாமல் திறக்கிற கதவு அது ஒன்றுதான். அவனுக்கு வீட்டில் பெயர் சொகுசு. உட்கார இடம் கொடுத்தால் படுத்துவிடுவான்; வீட்டு சோபா முழுக்க அவனுடையதுதான்.

அம்மா அதற்கு நேர் எதிர். பிள்ளைகள் பிறக்கும்வரை ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். காலை எட்டரைக்கு அவள் கைபேசியில் மணி அடித்தால் சாப்பாட்டு மேசை பள்ளிக்கூடமாகிவிடும். நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே ஜெபிப்பாள். அவள் உட்கார்ந்திருப்பதைத் தான் பார்த்தது கல்யாண போட்டோவில் மட்டும்தான் என்று அப்பா சொல்வார்.

அப்பா ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். மிச்சமான கண்ணாடியில் இரண்டு துண்டு வெட்டி, நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு மண்ணைக் கொட்டி, ஓரங்களைப் பசை வைத்து அடைத்துக் கொடுத்தார். எறும்புகள் வெளியே வந்து இரை எடுக்க ஒரு குழாய், குழாயின் முனையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. கொல்லைச் சுவர் ஓரமாகத் தோண்டி, ராணியோடு ஒரு கூட்டத்தையே குடிவைத்தார்கள்.

பதிமூன்று வயது மூத்தவளின் பொறுப்பு, இருபத்துநான்கு எறும்புகளின் முதுகில், ஒவ்வொன்றும் தனித்தனியாக அடையாளம் தெரியும்படி வண்ணப்புள்ளி வைப்பது. ஒரு சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் எறும்பு அசையாது. அந்த இடைவெளியில் தூரிகை நுனியால் ஒரு தொடு தொட வேண்டும். தண்ணீர் எடுக்கப் போன அப்பா அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு நான் வெளியிலயே சாப்பிட்டுக்கறேன்" என்றார்.

பார்த்துக் குறித்துக்கொள்வது சொகுசின் வேலை. ஒரு நாளைக்கு ஐந்து முறை, பன்னிரண்டு நாள். இதற்கென்றே பிறந்தவன்போல் அவன் கண்ணாடியின் முன் குப்புறப் படுத்துக்கொண்டான். குறிக்க வேண்டிய நேரம் போக மற்ற நேரமும் அங்கேயே கிடந்தான். அவனை எழுப்பவும் முடியாமல், படிக்கிறான் என்று விடவும் முடியாமல் அம்மா தவித்தாள்.

பத்தாம் நாள் நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"என்னடா இது? பத்து எறும்புக்கு நேரா ஒண்ணுமே எழுதல?"

"அவங்க ஒண்ணுமே பண்ணலம்மா."

"பத்து நாளாவா?"

"ஆமா. ரோஸ் புள்ளி வச்ச ஒருத்தங்க இடத்தை விட்டே நகரல. நானும் அக்காவும் அவங்களுக்குத் துரைசாணின்னு பேர் வச்சிருக்கோம்."

"நீ தூங்கியிருப்ப."

அம்மா தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழுதாக ஒரு மணி நேரம். வீட்டில் அத்தனை பேரும் கால்விரலில் நடந்தார்கள். மற்ற எறும்புகள் மண்ணைச் சுமந்தன, குஞ்சுப் புழுக்களுக்கு ஊட்டின, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஓடின. துரைசாணி மீசையை ஒருமுறை தடவிக்கொண்டாள். அவ்வளவுதான்.

"சரி, இதுங்களுக்கு உடம்பு சரியில்ல போல" என்றாள் அம்மா எழுந்து. "அட்டவணையில இந்தப் பத்தையும் விட்டுடலாம். வசனத்துக்கு ஒத்து வரல பாரு."

மூத்தவள் ஏற்கெனவே வண்ணப் பென்சிலால் அட்டவணைக்குக் கோடு போட ஆரம்பித்திருந்தாள். அவளுக்கும் அதுவே வசதி. சொகுசு மட்டும் படுத்தபடியே தலையைத் தூக்கினான்.

"அம்மா, லேப்ல ஒருத்தரோட ரத்தத்துல வந்த நம்பர் பிடிக்கலன்னா நீங்க விட்டுடுவீங்களா?"

அம்மா சமையலறைக்குப் போய்க் கழுவிய பாத்திரங்களையே திரும்பவும் கழுவினாள். அந்த வேலையில் எட்டு வருடம் இருந்தவள். வந்த எண்ணை மாற்றி எழுதிய ஒருத்தியை அன்றே வீட்டுக்கு அனுப்பியதை நேரில் பார்த்தவள். கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "இருபத்துநாலையும் போடு" என்றாள் மகளிடம். "கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

போட்டிக்குப் போகும் வழியில் வேகத்தடையில் கார் ஒரு குதி குதித்தது. டப்பாவின் மூடி திறந்துகொள்ள, இரை எடுக்க வந்திருந்த எறும்புகள் அத்தனையும் இருக்கைக்கு அடியில் போய் மறைந்தன. சபை மண்டபத்தில் இறங்கும்போது கண்ணாடிக்குள் பாதிதான் மிச்சம். மூத்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா ஓட்டியதைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சொல்லாததை அவர் நன்றாகவே கேட்டார்.

நடுவர்கள் ஒவ்வொரு மேசையாக வந்துகொண்டிருந்தார்கள். சொகுசு வழக்கம்போல் தரையில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, துரைசாணி புழுவைத் தூக்கறாங்க."

மூத்தவள் நம்பவில்லை. குனிந்து பார்த்தாள். ரோஸ் புள்ளி எறும்பு, வெள்ளைப் புழுவை வாயில் கவ்விக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கீழறைக்குப் போனது. திரும்பி வந்து இன்னொன்றை எடுத்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பத்தில் மேலும் நான்கு கிளம்பிவிட்டன.

தலைமை நடுவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், சபை மூப்பர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டவணையைப் படித்தார்.

"பத்து எறும்பு வேலையே செய்யலன்னு போட்டிருக்கே. இப்ப செய்யுதே தம்பி?"

"வேலைக்காரங்க நிறைய பேர் கார்லயே தங்கிட்டாங்க ஐயா. அப்புறம்தான் இவங்க எழுந்தாங்க. ஆள் இல்லன்னு எழுந்தாங்களா, கார் குலுங்கின பயத்துல எழுந்தாங்களா, தெரியல."

"அப்ப வசனம் சொல்றது?"

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் சொகுசு எழுந்து நின்றுவிட்டான். நடுவருக்காகவாவது எழுந்தானே என்று அப்பாவுக்கு ஆறுதல்.

"சோம்பேறியைத்தான் எறும்பைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கு ஐயா. நான் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு நாள்."

மூப்பர் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. பக்கத்து மேசைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, மகனின் தலைமயிரைக் கோதிவிட வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் கோதவில்லை. அவன் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

முதல் பரிசு உப்புத்தண்ணீரில் விளக்கு எரித்த இரட்டையர்களுக்குப் போனது. இவர்களுக்கு மூன்றாவது. மூத்தவளால் அதைத் தாங்க முடியவில்லை. நேராக மூப்பரிடம் போய் ஏன் என்று கேட்டாள்.

"ஒரே ஒரு கூட்டத்தைப் பார்த்துட்டு எல்லா எறும்பையும் பத்திப் பேச முடியுமாம்மா? மூணு கூட்டமாவது வேணும். அதுல ரெண்டுல வேலை செய்யற எறும்புகளை நீங்களே வெளிய எடுத்துட்டு என்ன ஆகுதுன்னு பார்க்கணும். தற்செயலா நடந்தது கணக்கில்ல."

திரும்பி வரும்போது பாதி வழியில் மூத்தவள், "அப்பா, இன்னும் ரெண்டு கண்ணாடிக் கூடு பண்ணித் தர முடியுமா?" என்றாள்.

"சனிக்கிழமை வெட்டித் தரேன்" என்றார் அப்பா, தொடையைச் சொறிந்தபடி.

"எங்க வைக்கறது? வீட்டுல இடமே இல்ல" என்றாள் அம்மா. கொஞ்ச தூரம் போனதும் அவளே, "சோபாவைத் தூக்கிட்டா வைக்கலாம்" என்றாள்.

பின்னால் படுத்திருந்த சொகுசு மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.