மூன்றாவது காபி

1948 மார்ச்சில், செர்பிய எல்லையோர ஊரான நோவி பசாரில் நஸிஃபின் வீட்டுக்கு மக்கள்தொகை கணக்கெடுக்க வந்த எழுத்தர் வெலிமிர், ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அந்த ஜன்னலோரப் பெஞ்சை விட்டு எழவில்லை. அவர் கால்கள் நன்றாகத்தான் இருந்தன. பெரும்பாலும் முஸ்லிம்களான பொஸ்னியாக் இனத்தாரின் வீடுகளில் விருந்தாளிக்கு மூன்று காபி உண்டு: வரவேற்க ஒன்று, பேச ஒன்று, வழியனுப்ப ஒன்று. மூன்றாவதைக் குடிக்காமல் எழுந்துபோவது மற்ற வீடுகளில் மரியாதைக் குறைவு. நஸிஃபின் வீட்டில் அது நடக்கவே நடக்காது.

இரண்டாவது காபியின்போது வெலிமிர், நஸிஃபின் இனம் என்ன என்று கேட்டார். நஸிஃப் பொஸ்னியாக் என்றார். வெலிமிர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படி ஒண்ணு இதுல இல்லீங்களே. செர்பியர்னு போடட்டுமா, குரோஷியர்னு போடட்டுமா? ரெண்டும் வேணாம்னா 'இன்னும் முடிவு செய்யாதவர்'னு போட்டுடறேன்."

"முடிவு செய்யாதவனா? நான் என்ன சந்தையில மாடு பாக்கவாய்யா வந்திருக்கேன்?"

வெலிமிர் அதற்குள் எழுதிவிட்டார். நஸிஃப் சமையலறைப் பக்கம் திரும்பி, மூன்றாவது காபியை இறக்கி வைக்கும்படி மனைவி உல்ஃபெத்தாவிடம் சொன்னார். தங்கள் இனத்தின் பேரை எழுதிய பிறகு ஊற்றினால் போதும் என்றார். வெலிமிர் எழப் பார்த்தார். இடுப்பு பெஞ்சை விட்டு வரவில்லை.

அச்சடிக்காத பெயரை எழுதத் தனக்கு அதிகாரமில்லை என்று அவர் தினமும் காலையில் சொன்னார். தினமும் அவருக்குச் சோறு போட்டார்கள். விருந்தாளியைப் பட்டினி போடும் குடும்பம் அல்ல அது. வெலிமிரின் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் சலவைச் சட்டை கொண்டுவந்தாள். அலுவலகம் இரண்டு முறை பதவி உயர்வு அனுப்பியது. அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் வந்தவர்கள் பெஞ்சைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று எழுதிக்கொண்டு ஓடினார்கள். எழுபத்தொன்றில் 'முஸ்லிம்' என்று மதத்தின் பெயரையே இனத்தின் பெயராக எழுதினார்கள். "அது நான் தொழுறது. நான் யாருன்னு கேட்டா அதையா எழுதுவ?" என்று நஸிஃப் தெருக்கோடி வரை துரத்தினார். தொண்ணூறுகளில் நடந்த போரில் எல்லைக்கு அப்பால் அவருடைய தங்கை மகன்கள் மூவரைக் கொன்றார்கள். எந்தத் தாளிலும் இல்லாத அந்தப் பெயர், கொல்ல வந்தவர்களுக்கு மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் தெரிந்திருந்தது. வெலிமிர் அன்று சாப்பிடவில்லை.

2002 ஏப்ரலில் வெஸ்னா என்ற பெண் புதிய படிவத்தோடு வந்து, தயங்காமல் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். படிவத்தில் அந்தப் பெயர் இருந்தது. இரண்டாவது காபியோடு அதை எழுதியும் முடித்தாள். உல்ஃபெத்தா மூன்றாவதை அடுப்பில் ஏற்றினாள். வெலிமிர் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்.

"இது புதுப் பேரு இல்லீங்களா ஐயா?" என்று வெஸ்னா சிரித்தபடி கேட்டாள். "எப்பலேர்ந்து இப்படி ஆனீங்க?"

எண்பது வயதிலும் நஸிஃபின் முதுகு வளையவில்லை. "உல்ஃபெத்தா, இறக்கி வை."

வெலிமிர் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அதக் கேட்டிருக்கக் கூடாதும்மா," என்று சொல்லி, அவள் வசதியாக உட்காரட்டும் என்று ஒரு சாண் நகர்ந்துகொண்டார். அன்று முதல் அந்த வீட்டில் நான்கு தட்டு வைத்தார்கள்.