நிறம் பார்த்துப் போட்ட மாத்திரை

மாத்திரைச் செலவையும் ஏற்கும் முதியோர் காப்பீட்டில் அப்பாவைச் சேர்த்துவிட்டால், மருந்து வாங்கி வரச் சொல்லி, ஊரிலிருந்து பஹ்ரைன் வருகிறவர்களிடம் இனி நான் பல்லைக் காட்ட வேண்டியதில்லை. சத்தியமாக அந்த எண்ணத்தில்தான் ஈசா டவுனிலிருந்து காலையிலேயே கிளம்பி, இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா கல்யாணசுந்தரத்துக்கு எழுபத்தொரு வயது. ரயில்வேயில் முப்பது வருஷம் சிக்னல் பார்த்தவர். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. போன தையில் அம்மா போனதும் இங்கே கூட்டி வந்துவிட்டேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ருமைஸா. கீழக்கரைக்காரர், முன்பு மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். அவர் நீட்டிய படிவத்தில், 'இவருடைய மருந்துகளை நான் கவனித்துக்கொள்கிறேன்' என்ற வரிக்குக் கீழே படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன்.

"இப்ப சாப்புடுற மாத்திரையெல்லாம் காட்டுங்கய்யா."

அப்பா பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். ருமைஸா ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். பேனா நின்றுவிட்டது.

"சார், அய்யாவுக்குச் சுகர் எத்தனை வருஷமா?"

"அவருக்குச் சுகரே கிடையாதே!"

"இதெல்லாம் சுகர் மாத்திரை. நெஞ்சுக்கான மாத்திரை ஒண்ணுகூட இல்ல."

அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். மூலையில் அம்மாவின் கையெழுத்து: 'ஜெயலட்சுமி, காலை.'

"அப்பா, இது அம்மாவோடது!"

"ஆமாப்பா. என்னோடது தீந்து மூணு மாசமாச்சு. ரெண்டு பேருக்கும் அதே டாக்டர்தானே எழுதினாரு. நிறமும் ஒண்ணாதான் இருந்துச்சு." சிக்னல் பார்த்த மனுஷன், நிறத்தை நம்பிவிட்டார். "ஒரு வேளைகூட விடலை," என்றார் பெருமையாக.

"ஏன்பா என்கிட்ட சொல்லலை?" கத்திவிட்டேன்.

அப்பா டப்பாவைப் பார்த்தபடி சொன்னார். "உன் சிநேகிதன் மணிகண்டன் ஊருக்குப் போனப்ப, அவன்கிட்ட மருந்து வாங்கிட்டு வரச் சொல்லுன்னு உன்கிட்ட கேட்டேன். நீதான், 'மாத்திரைக்காக இனிமே ஒருத்தன்கிட்டயும் கெஞ்ச முடியாது'ன்னுட்ட."

சொன்னேன். அன்று ஏதோ எரிச்சல், சொன்னேன். மூன்று மாதமாக அவர் தலை சுற்றுகிறது என்றபோதெல்லாம், "வெயில்ப்பா, ஏசியில உக்காருங்க" என்றும் சொன்னேன்.

ருமைஸா தன் பையிலிருந்து ஜூஸ் டப்பா எடுத்துக் குழாயைச் செருகினார். "முதல்ல இதைக் குடிங்கய்யா, சுகர் ரொம்ப எறங்கியிருக்கும். சார், படிவம் கெடக்கட்டும். எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க, இப்பவே."

அப்பாவின் கையைப் பிடித்தேன். சில்லென்று வேர்த்திருந்தது. வாசல் வரை வந்தவர் நின்று திரும்பினார்.

"டப்பாவை எடுத்துக்கப்பா. அம்மாவோடது இன்னும் ரெண்டு அட்டை இருக்கு. அது தீர்ற வரைக்கும் உனக்குத் தொந்தரவு இல்ல."