ரன்வா போட்ட சத்தம்

ஃபாரோ தீவுகள் என்ற குட்டி நாட்டின் பெண்கள் கால்பந்து அணிக்கு நான் கோல்கீப்பர். பிழைப்புக்கு மீன் தொழிற்சாலையில் மீன் அறுக்கிறேன். எட்டு கோல் வாங்கிவிட்டு வேலைக்கு வந்தால், கூட வேலை செய்யும் பெண்கள் என் முதுகைத் தட்டுவார்கள்.

"நல்லாத்தான் ஆடினீங்க, பாவம்."

அந்தப் 'பாவம்' கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

நேற்று ஒரே ஒரு கோலில் தோற்றோம். இன்று உடம்பெல்லாம் வலி. தட்டப்போகிறார்கள் என்று குனிந்தபடியே என் மேஜைக்குப் போனேன். பக்கத்து மேஜை ரன்வா கத்தியைப் பட்டென்று வைத்தாள்.

"அந்தப் பந்தை எப்படிடி விட்ட? கண்ணை எங்க வச்சிருந்த? நாம ஜெயிக்க வேண்டிய மேட்ச்டி!"

இதுவரை எங்களை யாரும் திட்டியதில்லை. அவள் திட்டி முடிக்கும்வரை நான் அடுத்த மீனை எடுக்கவில்லை.