பீரோவின் முதுகு

தீயணைப்பு அலுவலகத்திலிருந்து வந்தவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். இது இரண்டாவது முறை. முதல் முறை வந்தபோது நான்கு குறைகளை எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளைத் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றாக முடித்துக் கோடு போட்டு அடித்து வந்தேன். தீயணைப்பான் வாங்கி மாட்டியாயிற்று. ஒரே பிளக்கில் சொருகியிருந்த மூன்று ஒயர்களையும் தனித்தனியாகப் பிரித்தாயிற்று. இஸ்திரிப் பெட்டியை ஃபோம் கட்டுகளிலிருந்து எட்டடி தள்ளி வைத்தாயிற்று. கடைசியாக எழுதியிருந்தது, அவசரத்தில் வெளியேற இன்னொரு வழி. அதையும் அடித்திருந்தேன். ஆனால் பென்சிலால்.

எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி. முன்னறையில் அடுப்பு, உள்ளறையில் தையல். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள், ஜன்னலுக்கு இடமில்லை. வெளியே போவதென்றால் அடுப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். உள்ளறையின் கடைசிச் சுவரில் ஒரு கதவு உண்டு. அதற்கு அந்தப் பக்கம் வீட்டின் மறுபாதி. அவர்கள் வாசல் பின்சந்தில் இருக்கிறது. மாமனார் கட்டிய ஒரே வீடுதான். முன்பாதி எனக்கும் என் வீட்டுக்காரருக்கும், பின்பாதி இவருடைய அண்ணனுக்கு.

நாற்காலி மெத்தைகள் தைக்கிறோம். இவர் ஃபோம் வெட்டுவார், நான் உறை தைப்பேன். இடுப்பு பிடித்துக்கொண்டு லாரி ஓட்டுவதை இவர் விட்டதிலிருந்து வேறு பிழைப்பு கிடையாது. மெத்தை வாங்கும் கடைக்காரர், மாதக் கடைசிக்குள் தீயணைப்புச் சான்றிதழ் காட்டாவிட்டால் வீட்டுத் தையல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஃபோம் வெட்டினால் தூசி பறக்கும். அண்ணன் மனைவிக்கு, அக்கா என்றுதான் கூப்பிடுவேன், மூச்சிரைப்பு உண்டு. ஒருநாள் அந்தக் கதவருகே வந்து நின்று, "தரையில கொஞ்சம் தண்ணி தெளிச்சிட்டு வெட்டக் கூடாதாம்மா? படுத்தா மூச்சு விட முடியல" என்றார். அன்றைக்கு எனக்கு அவசர வேலை. தலையைக்கூட நிமிர்த்தாமல், "மூச்சு முட்டினா கதவைச் சாத்திக்குங்க" என்றேன். அண்ணன் தம்பி சண்டையெல்லாம் அதற்குப் பிறகுதான். அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் பீரோவை இழுக்கிற சத்தம் கேட்டது. இவர் எழுந்துபோய் இந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டார். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

குறைத்தாள் கைக்கு வந்த அன்று, "உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"அவன் வாசல்ல போய் நிக்கிறதுக்கு இங்கேயே வெந்து போகலாம்."

"நீங்க வேகுங்க. நான் எதுக்கு வேகணும்?"

அப்படிச் சொன்னேனே தவிர, நானும் போகவில்லை. இரண்டு தடவை பின்சந்தின் முனைவரை போய்த் திரும்பி வந்தேன். பிறகு பச்சைத் துணியில் எழுத்து வெட்டி, வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, 'வெளியேறும் வழி' என்று கதவுக்கு மேலே மாட்டினேன். அம்புக்குறியும் உண்டு. ஓரம் மடித்து இரட்டைத் தையல்.

வந்தவர் அதை அண்ணாந்து படித்தார். "நல்லா தச்சிருக்கீங்க. திறங்க."

தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. இவர் கத்தரிக்கோல் பிடியால் நாலு தட்டு தட்டினார். கதவு எங்கள் பக்கமாகத் திறந்தது. எதிரே, நிலை முழுவதையும் அடைத்துக்கொண்டு, பீரோவின் முதுகு. பெயின்ட் அடிக்காத தகரத்தில் எங்கள் வீட்டுத் தூசி சாம்பல் கம்பளி மாதிரி படிந்திருந்தது.

"இதுக்கு அந்தப் பக்கம் யாரு?"

"யாருமில்ல சார்" என்றார் இவர்.

"இவரோட அண்ணன்" என்றேன் நான்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. "அம்மா, நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம். நாளைக்கு அடுப்புப் பக்கம் ஏதாவது ஆச்சுன்னா, நீங்க தச்ச போர்டை நம்பி இங்கதான் ஓடி வருவீங்க. புகைக்குள்ள நின்னு பீரோவைத் தள்ளுவீங்களா?" ஃபோம் கட்டின் மேல் உட்கார்ந்து படிவத்தை மடியில் விரித்தார். "பத்து நிமிஷம் இருக்கேன்."

"கூப்பிடுங்க" என்றேன் இவரிடம். இவர் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நான் முழங்காலிட்டுக் குனிந்தேன். பீரோவின் கால்களுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி. கன்னத்தைத் தரையில் வைத்தால் அவர்கள் வீட்டுத் தரை தெரிந்தது. சுத்தமாகப் பெருக்கிய தரை.

"அக்கா."

தூசி தொண்டையில் ஏறி இருமல் வந்தது. அடக்கிக்கொண்டு மறுபடி சொன்னேன். "அக்கா, அன்னைக்குக் கதவைச் சாத்திக்கச் சொன்னது என் தப்புதான். இவருக்கு அது தெரியாது."

இவருடைய கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

அப்போதுதான் அந்தப் பாதங்களைப் பார்த்தேன். வெடித்த பாதங்கள் இரண்டு, விரல்கள் என்னைப் பார்த்தபடி, பீரோவை ஒட்டி. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. தாழ்ப்பாளைத் தட்டியபோதே வந்திருக்கலாம். விசில் மாதிரி மூச்சு இழுப்பது கேட்டது.

"யாராவது இருக்காங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டார் வந்தவர்.

அந்தக் குதிகால்கள் மெல்லத் தரையை விட்டு எழும்பின. பீரோவை இழுக்க மேல்விளிம்பைப் பிடிக்கிறவரும் அப்படித்தான் எழும்புவார். இன்னும் இறுக்கி அடைக்க அதன்மேல் சாய்கிறவரும் அப்படித்தான். தகரத்திலிருந்து தூசி ஒரு கொத்தாகப் பெயர்ந்து, நாலு விரல் இடைவெளியில், எனக்கும் அந்தப் பாதங்களுக்கும் நடுவே விழுந்தது.